பேராயர் பெயர்களை வாசித்த நாள்

எங்கள் திருச்சபையின் பேராயர், பெயர்களை வாசிக்கத் தொடங்கும் முன் மண்டபத்து மின்விசிறிகளை நிறுத்தச் சொல்வார். ஒரு பெயரும் யார் காதிலும் விழாமல் போய்விடக் கூடாதென்பார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்த அவருடைய அலுவலகத்தில் நான் செயலாளராகப் பணியாற்றிய காலம் அது. எந்தப் போதகர் எந்தச் சபைக்குப் போகிறார் என்பது ஆண்டு மாநாட்டின் கடைசி நாளில்தான் தெரியவரும். பெயர் வாசிக்கப்பட்டவர் எழுந்து, "கீழ்ப்படிகிறேன்" என்று மட்டும் சொல்ல வேண்டும். அதற்கு முன் யாரும் தமக்காகப் பேச அவர் இடம் கொடுத்ததில்லை. "ஒருத்தருக்குக் காது குடுத்தா, அப்புறம் சத்தமா பேசுறவனுக்குத்தான் நல்ல சபை கெடைக்கும்," என்பார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

ஓர் ஆண்டு, அந்தக் கடைசி நாளின் தேநீர் வேளையில் வழக்கம்போலப் போதகர்கள் கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். "இந்தத் தடவ வீட்டுச் சாமான் ஏத்த யாருக்குண்ணே லோரி?" "எனக்கு வேணாம்லா, போன தடவ கட்டுன பெட்டியே இன்னும் பிரிக்கல." கிள்ளான் போதகர் மட்டும் சிரிக்கவில்லை. பேச்சு வராத அவருடைய மகனுக்கு, நெடுநாள் காத்திருந்தபின் அங்கே ஒரு சிறப்புப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. தண்ணீர் வேண்டுமென்று கைகாட்டிக் கேட்க அப்போதுதான் பழகியிருந்தான்.

பேராயர் அவர் பெயரை வாசித்தார். வடக்கே, ஒரு தோட்டப்புறச் சபை. அவர் எழுந்து, சொல்ல வேண்டியதைச் சொன்னார். பின்வரிசையில் அவர் மனைவியும் எழுந்தார். அப்படியொரு வழக்கமே கிடையாது. "பிஷப், அவரு போவாரு. அங்க என் மகனுக்கு யாரு சொல்லிக் குடுப்பா?"

பேராயர் தலை நிமிர்ந்தார். அந்தப் பையனைப் பற்றி அவர் அறிந்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அப்படி அறியாமல் இருப்பதுதான் நேர்மை என்று அவர் காத்துவந்தார். "உட்காருங்கம்மா," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அடுத்த பெயரை வாசித்தார்.

போதகர் தனியாக வடக்கே போனார். சில மாதங்களில் ஊழியத்தை விட்டுக் குடும்பத்திடம் திரும்பினார். இப்போது போர்ட் கிள்ளானில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை செய்கிறார்.

பேராயரும் ஓய்வுபெற்றுவிட்டார். புதியவர் ஒவ்வொருவரையும் அழைத்துக் கேட்ட பின்னரே அனுப்புகிறார். அந்த விதியை வகுத்த குழுவில் நானும் இருந்தேன். பேசத் தெரிந்தவர்கள் கோலாலம்பூரிலேயே இருந்துவிடுகிறார்கள். கிள்ளானுக்குத் தெற்கே, தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் கேரி தீவுச் சபைக்குப் போக ஒருவரும் முன்வரவில்லை. இரண்டில் எது குறைந்த தீங்கு என்று என்னால் இன்னும் சொல்ல முடியவில்லை.

வேலையில்லாத ஞாயிறுகளில் அந்தப் பழைய கிள்ளான் போதகர் மகனை அழைத்துக்கொண்டு கேரி தீவுக்குப் போய் ஜெபம் நடத்துகிறார். ஊழியத்தை விட்டவர் என்பதால் திருவிருந்தின் அப்பமும் ரசமும் கொடுக்கச் சபைச் சட்டத்தில் அவருக்கு அனுமதியில்லை. கடைசிப் பாடல் முடிந்ததும், திருவிருந்து மேசையை மூடிய வெள்ளைத் துணியை விலக்காமலே, மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறார்.