ஊமைப் படத்தில் நடித்த என் அத்தை

என் அப்பாவின் அக்கா ஊமைப் படங்களில் நடித்தவர் என்று என் தம்பி இப்போது போகிற இடமெல்லாம் சொல்லிக்கொள்கிறான். அத்தை உயிரோடு இருந்தவரை எங்கள் வீட்டில் யாரும் அதை வெளியே சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. சொல்லாமல் இருந்ததைவிட மோசமான காரியம் ஒன்றையும் செய்தேன்.

அண்ணாகிராமத்தில் இருந்த கொல்லை நிலம் கைவிட்டுப் போன வருஷம், எட்டு வயதான அத்தையைத் தாத்தா ஒரு நாடகக் கம்பெனியில் விட்டுவிட்டு வந்தார். அவளுக்குச் சாப்பாடாவது கிடைக்கும் என்பது அவர் கணக்கு. முதலில் பாலகிருஷ்ணன் வேஷம், பதினான்கு வயதிலிருந்து ராணி வேஷம். மைக் இல்லாத காலம். கடைசியில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் பாட்டு எட்ட வேண்டும், இல்லாவிட்டால் கூச்சல் போடுவார்கள். பத்தொன்பது வயதில், சிதம்பரத்தில் ஒரு நாடகத்தின் நடுவே அத்தையின் குரல் அறுந்தது. இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றார்கள். ஆகவேயில்லை. எனக்குத் தெரிந்த அத்தைக்கு அரம் உரசுவதுபோன்ற குரல்தான்.

குரல் போனவளுக்கு வேலை கொடுத்தது சினிமா. வாய் அசைந்தால் போதும் என்று மெட்ராஸில் எடுத்துக்கொண்டார்கள். ஐந்து படங்களில் நடித்தாள். விளக்கு கிடையாது, வெயில்தான். முகத்தில் அப்பிய வெள்ளை மாவோடு கண்ணை மூடாமல் வெயிலைப் பார்த்து நிற்க வேண்டும். குதிரையிலிருந்து விழுந்து இடுப்பு பிசகிய மறுநாளும் நிற்க வைத்துப் படம் பிடித்தார்கள். அந்தச் சம்பாத்தியத்தில் செம்மண்டலத்தில் வாங்கிய வீட்டில்தான் நாங்கள் பிறந்தோம். பத்திரம் அப்பா பேரில் இருந்தது.

பிறகு பேசும் படம் வந்தது. பாடச் சொன்னார்கள். இரண்டு வரி பாடினாளாம். கேட்டுக்கொண்டிருந்த ஆள் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அவன் தலையைக் குனிந்துகொண்டான் என்று அத்தை ஒருமுறை சொன்னாள்.

திரும்பி வந்தவளுக்குத் தன் வீட்டிலேயே பின்கட்டு அறைதான் மிஞ்சியது. வருகிறவர்களிடம் தூரத்துச் சொந்தம் என்று சொல்வார்கள். அவளும் சமையல்கட்டை விட்டு வெளியே வரமாட்டாள். யாரும் இல்லாத பகல்களில் மட்டும் டிரங்குப் பெட்டியைத் திறந்து, தன் போட்டோக்களை எனக்குக் காட்டுவாள்.

சிதம்பரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. பையன் பேங்கில் வேலை. அப்பா அத்தையிடம் போய் நின்றார்.

"அந்த படமெல்லாம் வேணாங்கா. யாரு கண்ணுலயாவது பட்டா இவ வாழ்க்க போயிடும்."

அத்தை பெட்டியை எடுத்துக்கொண்டு போய் வெந்நீர் அடுப்பில் ஒவ்வொரு போட்டோவாகப் போட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அந்தக் கல்யாணம் நடக்க வேண்டும்.

அவர்கள் வந்த அன்று பஜ்ஜி போடும்போது அம்மா கையில் எண்ணெய் கொட்டிவிட்டது. வேறு ஆள் இல்லாததால் காபித் தட்டை அத்தை கொண்டுவந்தாள். எழுபது தாண்டியவள், இடுப்பு பிசகியவள். ஆனாலும் கூடத்துக்குள் நுழைந்தபோது முதுகு நிமிர்ந்திருந்தது. பையனின் அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவுங்க யாரு?"

அப்பா விழித்தார். நான் முந்திக்கொண்டேன்.

"சமையலுக்கு வந்தவுங்க."

காபி ஆறிவிடும், எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள் அத்தை. அவர்கள் போன பிறகு சமையல்கட்டில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தவள், திரும்பாமலே சொன்னாள்: "திக்காம சொன்ன. வசனம் நல்லா வந்திச்சி."

குத்திக்காட்டினாளா, நிஜமாகவே சொன்னாளா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

கல்யாணம் நடந்தது. மூன்றாவது வருஷம் ஒருநாள் மாமனார் தன் சின்ன வயதுக் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். லால்பேட்டைப் பக்கம் இருந்த அவர்கள் ஊரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு சிதம்பரத்துக்கு நாடகம் பார்க்க வருவார்களாம். ராணி வேஷம் போட்ட ஒரு பெண்ணுக்குப் பாட்டின் நடுவில் குரல் போய்விட்டதாம்.

"வேற யாராருந்தாலும் உள்ள ஓடியிருப்பாங்க. அந்தம்மா கையாலயும் கண்ணாலயுமே மீதி நாடகத்த முடிச்சாங்க. ஒருத்தனும் எழுந்திரிக்கல. எங்கப்பா அழுதாரு." பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "உங்க வூட்ல காபி கொண்டாந்தாங்களே, அவுங்க சாடை அப்படியே இருந்திச்சி. கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்திச்சி. நீ சமையலுக்கு வந்தவுங்கன்னுட்ட."

மேடையில் குரல் போன அந்த நாளைத் தன் வாழ்நாளின் அவமானம் என்றுதான் அத்தை என்னிடம் சொல்லியிருந்தாள். பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் அவள் முன்னால் அவரைக் கொண்டுபோய் உட்கார வைத்திருக்கலாம். செய்தால் என் பொய் தெரிந்துவிடும். நான் சிரித்துவிட்டு எழுந்து போனேன்.

மறுவருஷம் அத்தை செத்துப்போனாள். மரியாதைக்காக மாமனாரும் செம்மண்டலம் வந்தார். மாலை போட்டுவிட்டு என்னிடம் கேட்டார்: "ரொம்ப வருஷமா வேல பாத்தாங்களா?"

"ஆமாங்க மாமா."

அவரும் அடுத்த சில வருஷங்களில் போய்விட்டார்.

போன மாதம் சிதம்பரத்தில் பழைய நடிகைகளைப் பற்றி ஒரு கூட்டம் நடத்தினார்கள். அத்தையின் படச் சுருள் ஒன்றுகூட மிஞ்சவில்லை, முகம் காட்ட ஒரு போட்டோ இல்லை. யாரோ நெட்டில் எடுத்த வேறு ஒரு பெண்ணின் படம் ஃபிளெக்ஸில் சிரித்துக்கொண்டிருந்தது. தம்பிக்கு அது வேறு ஆள் என்று தெரியும். அதற்குக் கீழேயே நின்று சால்வை வாங்கிக்கொண்டு, எங்கள் குடும்பமே அத்தையைத் தலையில் வைத்துக் கொண்டாடியது என்று பேசினான்.

என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். போட்டோ எரிந்ததையும், காபித் தட்டையும், நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். என் கணவர் முதல் வரிசையில் இருந்தார். நாற்பது வருஷத்துக்கும் மேலாக அவருக்குத் தெரியாது. பின்னால் யாரோ கைதட்ட ஆரம்பித்து, வேறு யாரும் தட்டாததால் நிறுத்திக்கொண்டார்.

"இதுல உனக்கு என்னாக்கா கெடச்சிது?" என்றான் தம்பி காரில். அதற்குப் பிறகு அவன் போன் செய்யவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கணவர் சொன்னார்: "எங்கப்பா அவுங்க கால்ல வுழுந்துருப்பாருடி." காபி போட்டுக் கொடுத்தேன், மூடி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.