கையை இறக்கச் சொல்லாத நாள்

மனவசியம் என்பது, எதிரில் இருப்பவர் நம்மை நம்புவதற்கு முன்னால் நம்மை நாமே நம்பிக்கொள்ள வேண்டிய தொழில். திருவிடைமருதூர் தெற்கு வீதியில் முன்னறையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட், திரைக்குப் பின்னால் ஒரு சாய்வு நாற்காலி, ஒரு பென்சில். என் மூலதனம் அவ்வளவுதான். பயம் போக்கவும் கெட்ட பழக்கம் விடவும் தன்னம்பிக்கை வரவும் மனவசியம் செய்யப்படும், நான் டாக்டர் இல்லை என்று போர்டில் எழுதியிருந்தேன். ஜனங்கள் முதல் பாதியைத்தான் படிப்பார்கள். வந்தவர்களில் பலர் என்னைச் சிரிக்க வைத்தார்கள். ஒருவர் விஷயத்தில் மட்டும் ஒரு குடும்பத்தின் சோறே அதில் இருந்தது.

வெள்ளிக்கிழமை நோய்

அரிசி மண்டி வைத்திருந்த ஒருவர் புகையிலையை விட வேண்டும் என்று வந்தார். பென்சில் நுனியைப் பார்க்கச் சொன்னேன். கண்ணை மூடியதும், வலது கை லேசாகிறது, தானாக எழும்புகிறது என்றேன். கை கொஞ்சம் எழும்பி, நின்று, மறுபடி கொஞ்சம் எழும்பி, அவருக்கே தெரியாமல் முகத்துக்கு நேராக வந்து நின்றது. அப்படி வந்தால்தான் ஆள் வசப்பட்டிருக்கிறார் என்று அர்த்தம். நாலு வெள்ளிக்கிழமையில் புகையிலை நின்றது. ஐந்தாவது வெள்ளிக்கிழமையும் வந்து நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "புகையில நின்னுடுச்சு சார். வெள்ளிக்கிழம இங்க வந்து படுக்கலைன்னாத்தான் கையும் ஓடல, காலும் ஓடல. இதுக்கு ஒரு வழி பண்ணுங்க."

தேரடிக் கூட்டம்

அறுபதுகளின் கடைசி. கட்சி ஆட்சியைப் பிடித்த புதிது. மைக்கைக் கண்டால் நா வறண்டுபோகும் ஒரு இளம் பேச்சாளரை அழைத்து வந்தார் கிளைச் செயலாளர். மூன்று தடவை படுக்க வைத்தேன். நாலாம் நாள் தேரடிக் கூட்டத்தில் தம்பி பிளந்து கட்டிவிட்டார். சிறப்புப் பேச்சாளர் மேடையேறி முக்கால் மணி நேரம் ஆகியும் தம்பி மைக்கை விடவில்லை. எனக்குத் தலை கால் புரியாத சந்தோஷம், இனி எவர் வாயையும் திறந்துவிடலாம் என்று. மறுநாள் செயலாளர் வந்து நின்றார். "தெறக்குற வித்த சரி சார். மூடுற வித்த கத்துக்கலையா?"

செல்லம்மாவின் கோரிக்கை

அந்தக் கர்வத்தோடு இருந்தபோதுதான் மாரிமுத்து வந்தார். குத்தகைக்கு உழுபவர்களின் பெயரைச் சர்க்கார் பதிவேட்டில் ஏற்றலாம் என்று சட்டம் வந்திருந்தது. ஊருக்கு ஊர் கொடியும் கோஷமும் கைகலப்புமாக இருந்தது. மாரிமுத்து ஒரு மிராசுதாரின் மூன்று மா நிலத்தை, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கரை, பதினாலு வருஷமாக வாய்ப்பேச்சுக் குத்தகையில் உழுகிறவர். எழுத்து எதுவும் கிடையாது. தாலுகா ஆபீஸ் விசாரணையில், மிராசுதார் எதிரில், 'நான்தான் உழுகிறேன்' என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் பெயர் ஏறும். சொல்லாவிட்டால் நிலம் போய்விடும். முதல் விசாரணையில் மிராசுதாரைக் கண்டதும் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார். அதிகாரி இன்னொரு வாய்தா கொடுத்திருந்தார்.

சாய்வு நாற்காலியில் உட்காரச் சொன்னேன். மாரிமுத்து தரையில் உட்கார்ந்தார். அவர் வசதி அப்படி என்று நினைத்து நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். வியாதியைச் சொன்னது கூட வந்த அவர் மனைவி செல்லம்மா. "மாட்ட அதட்டுனா ஆத்துக்கு அந்தாண்ட கேக்குங்க. ஆண்டையக் கண்டா மட்டும் தொண்ட அடைச்சுக்குது. எடுத்து விடுங்க."

இறக்காத கை

மாரிமுத்துவைப் போல ஒரு ஆளை நான் பார்த்ததே இல்லை. கண்ணை மூடச் சொன்னால் மூடினார். கை லேசாகிறது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கை விறுவிறுவென்று மேலே போய்விட்டது. 'எனக்குப் பயம் இல்லை' என்று சொல்லச் சொன்னால் சொன்னார். என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் தடவை, அவர் கையைத் தூக்கிய நேரத்தில் முன்னறையில் ஒரு மெஷினில் ரிப்பன் சிக்கிக்கொண்டது. போய்ச் சரிபார்த்தேன். அங்கேயே பேச்சும் வளர்ந்துவிட்டது. அரை மணி கழித்துத் திரும்பினால் மாரிமுத்து அப்படியே உட்கார்ந்திருந்தார். தூக்கிய கை வெடவெடவென்று நடுங்கியது, நெற்றியில் வியர்வை ஓடியது. பதறிப்போய்க் கையைப் பிடித்து இறக்கினேன்.

"தூங்கிட்டீங்களா?"

"இல்லீங்கய்யா. கண்ணத்தான் மூடச் சொன்னீங்க."

"கை வலிக்கலையா?"

"உசுரு போவுதுங்க."

"பின்ன ஏன் இறக்கல?"

"ஐயா எறக்கச் சொல்லலீங்களே."

வடக்கு மடை

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரை நான் வசப்படுத்தவே இல்லை. அவர் எனக்குக் கீழ்ப்படிந்திருக்கிறார், அவ்வளவுதான். பயத்தை எடுக்க வந்தவருக்கு நானும் ஒரு ஆண்டையாகி உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. அடுத்த தடவை தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னிக்கு நான் எது சொன்னாலும் 'முடியாது'ன்னு சொல்லணும்" என்றேன். "சரிங்கய்யா" என்றார். கண்ணை மூடுங்கள் என்றேன். "முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு மூடிக்கொண்டார்.

எனக்கு வித்தை தீர்ந்துவிட்டது. வேறு எதுவும் தோன்றாமல், அவர் மனம் சமாதானப்படட்டும் என்று வயலைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். "உங்க வயல்ல நிக்கிறீங்க. வடக்கு மடையத் திறக்குறீங்க. தண்ணி பாயுது..." மாரிமுத்து கண்ணைத் திறந்துவிட்டார். முகத்தில் அப்படியொரு எரிச்சல்.

"வடக்கால ஏதுங்க மடை? வடக்கு மேடு. மேக்கால மடையிலேருந்துதான் தண்ணி கட்டணும். தெரியாம சொல்லாதீங்க."

சொன்ன பிறகுதான் தன் நாக்கைத் தானே கடித்துக்கொண்டார். நான் விடவில்லை. வாய்தா வரைக்கும் தினமும் அவர் வயலைப் பற்றித் தப்புத் தப்பாகப் பேசினேன். அவர் தினமும் என்னைத் திருத்தினார். குரல் நாளுக்கு நாள் ஏறியது. செல்லம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "படிச்சவருன்னு பேரு. நாத்துக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரியல."

வாய்தா

விசாரணைக்கு நானும் போனேன். மிராசுதார் வண்டியில் வந்து இறங்கி, "என்னடா மாரிமுத்து, ஒடம்பு நல்லாருக்கா?" என்று பிரியமாகத்தான் கேட்டார். மாரிமுத்துவின் கை தோளுக்குப் போயிற்று. துண்டு இடுப்புக்கு வந்தது. உள்ளே அதிகாரி, "நிலத்த உழுறது நீதானா?" என்று இரண்டு தடவை கேட்டார். மாரிமுத்து குனிந்த தலையை எடுக்கவில்லை. செல்லம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மிராசுதார் பொறுமையாகச் சொன்னார்: "குறுவைக்குக் கூலியாளா வச்சிருந்தேங்க. இப்ப நெலம் தரிசாத்தான் கெடக்கு."

மாரிமுத்துவின் தலை நிமிர்ந்தது. "தரிசு இல்லீங்க ஆண்டே. குறுவ அறுத்துட்டுத் தாளடி நட்டு இருவது நாளாச்சு. மேக்கு மடையிலேருந்து தண்ணி கட்டியிருக்கேன். நாந்தான் உழுதேன், இவதான் நட்டா. பதினாலு வருசமா நாந்தான் உழுவுறேன்." அதோடு நிற்கவில்லை. எந்தப் பக்கம் பள்ளம், எந்த வரப்பில் நண்டு வளை என்று போய்க்கொண்டே இருந்தார். "போதும்ப்பா, எழுதிக்கிட்டேன்" என்று அதிகாரிதான் கையைக் காட்டி நிறுத்தினார்.

வெளியே வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாரிமுத்து மட்டும் இடுப்பைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். துண்டு அங்கேயேதான் இருந்தது. செல்லம்மா அதை உருவி அவர் தோளில் போட்டார். "மொதல்ல நெலம் வரட்டும். துண்டுக்கு அடுத்த வாய்தா வாங்கிக்கலாம்."

குத்தகைப் பதிவேட்டில் அவர் பெயர் ஏறிவிட்டது. நான்தான், இன்றைக்கும் யாராவது வந்து உட்கார்ந்து சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டால், வசப்பட்டாரா இல்லை பயப்பட்டாரா என்று தெரியாமல் பென்சிலும் கையுமாக விழித்துக்கொண்டிருக்கிறேன்.