பெயின்ட் வாளியில் ஒரு குடைமிளகாய்

இப்போது நானும் ஷிப்டு வேலைக்குப் போகிறவள்தான். வீடு வந்து சேர்ந்தால் செருப்பைக் கழற்றக்கூட அலுப்பாக இருக்கிறது. சின்ன வயதில் இந்த அலுப்பு பெரியவர்களின் சுபாவம் என்றே நினைத்திருந்தேன்.

அப்பா, அம்மா, அப்பாவின் தங்கையான அத்தை, மூவருக்கும் ஒரகடம் பக்கம் மூன்று கம்பெனிகளில் வேலை. மூவருக்கும் வேறு வேறு ஷிப்டு. எந்நேரமும் யாராவது ஒருவர் பாயில் அடித்துப்போட்டதுபோல் கிடப்பார். தூங்குகிறவர்களை எழுப்பக் கூடாது என்பதுதான் எங்கள் வீட்டின் ஒரே சட்டம். டி.வி.யைச் சத்தமில்லாமல் பார்த்தே நான் நான்காம் வகுப்புக்கு வந்துவிட்டேன்.

ஒருநாள் அம்மா கம்பெனி கேன்டீனிலிருந்து காகிதத்தில் கொஞ்சம் விதை மடித்துக் கொண்டுவந்தாள். அன்று ஏதோ விசேஷமாம், சோற்றில் சிவப்புக் குடைமிளகாய் போட்டிருந்தார்களாம். அப்பா பழைய பெயின்ட் வாளியில் ஓட்டை போட்டு, ஏரி மண் நிரப்பிப் பின்வாசலில் வைத்தார். முளைத்ததில் பக்கத்து வீட்டுக் கோழி கொத்தியது போக ஒரு செடி தேறியது. அதில் ஒரே ஒரு காய் நின்றது.

அது சிவக்கும்வரை பறிக்கக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "பொங்கலுக்குத்தான் மூணு கம்பெனியும் ஒண்ணா லீவு வுடுவான். அன்னிக்கு இத்த அரிஞ்சு போட்டு சோறு கிளறி, நாலு பேரும் ஒண்ணா குந்தி சாப்டலாம்" என்றாள். அவள் எதற்கும் அப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அரையாண்டு லீவில் நாள் முழுவதும் நான் வீட்டில்தான். காலையில் வேலை முடிந்து வரும் அப்பா, தோள்பையைக்கூட இறக்காமல் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவார். அம்மா தூங்கிக்கொண்டிருப்பாள், பாவம், அவளுக்கு எங்கே நேரம் என்பார். மத்தியானம் வேலைக்குக் கிளம்பும்போது அம்மா ஊற்றுவாள். அப்பாவுக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்காதாம். சாயங்காலம் வரும் அத்தை, இருவர்மேலும் இரக்கப்பட்டு இரண்டு சொம்பாக ஊற்றுவாள். வாரம் மாறினால் ஷிப்டு மாறும், தண்ணீர் மட்டும் குறையாது. இலைகள் தொங்கத் தொடங்கியதும் தண்ணீர் போதவில்லை என்று ஆளுக்கு ஒரு சொம்பு கூட்டினார்கள். என் பங்குக்கு நானும் ஊற்றினேன்.

பொங்கலன்று காலை செடி வாளிக்கு வெளியே சாய்ந்து கிடந்தது. பாதி சிவந்த காய் காம்போடு அழுகியிருந்தது. அப்பா தொட்டதும் வேர் சேற்றிலிருந்து நழுவி வந்துவிட்டது.

"இந்த வூட்ல என்னத் தவிர ஒருத்தருக்காவது இதுக்குத் தண்ணி ஊத்தத் தோணிச்சா?" என்றாள் அம்மா. தினமும் ஊற்றியது தான்தான் என்றார் அப்பா. தானில்லாவிட்டால் அது என்றைக்கோ காய்ந்திருக்கும் என்றாள் அத்தை. நல்ல நாளும் அதுவுமாகக் குரல்கள் ஏறின. எனக்குப் பயமாகிவிட்டது. எல்லோரும்தான் ஊற்றினீர்கள், நானும்தான் ஊற்றினேன் என்று சொல்லிவிட்டேன்.

மூவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இம்மா நாளா பாத்துகினு இருந்தியே, எங்க கிட்ட ஏன்டி சொல்லல?" என்றாள் அம்மா.

"நீங்க தூங்கிகினு இருந்தீங்க."

அதன்பிறகு யாரும் சண்டை போடவில்லை. அப்பா வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். ஒரு காய்க்கா இவ்வளவு அழுகை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அழாதே, கேன்டீனில் கேட்டால் வேறு விதை கொடுப்பார்கள் என்று அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.