ஏரம்பர் வளர்த்த பொடுதலை

ஓமந்தைக்கு அப்பால், குளத்துக்குக் கீழே குடியேற்றக் காணி கிடைத்து ஏரம்பர் வந்தது ஐம்பத்தாறில். யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் புகையிலை நட்ட கை. தோட்டத்தில் ஒரு புல் நின்றால் அவருக்குச் சோறு இறங்காது. காடு வெட்டிய மேட்டுக்காணியையும் அப்படித்தான் வைத்திருந்தார். வேலியடி, கிணற்றடி, முற்றம் எங்கும் மண்வெட்டியால் செதுக்கிய வெறும் மண்.

"அண்ணை, உங்கடை வளவிலை எறும்பு நடந்தாலும் தடம் தெரியும்" என்பான் அயல்காணி வீரகத்தி.

அந்த வளவில் பூசணிதான் காய்க்கவில்லை. முதல் இரண்டு வருடமும் கொடி காடாய் ஓடியது, பூத்தது, பிஞ்சு எலுமிச்சங்காய் அளவானதும் பழுத்து விழுந்தது. மண் சரியில்லை என்று சாம்பல் போட்டார். கண்ணூறு என்று பழஞ்செருப்புக் கட்டினார். இந்த முறையும் தவறினால் ஊருக்கே திரும்புவோம் என்று மனைவி இராசேஸ்வரி சொல்லிவிட்டாள்.

மூன்றாம் வருடம் ஒரு கொடி வேலி தாண்டி வாய்க்கால் கரைக்குப் போனது. அதில் மட்டும் நாலு காய். இராசேஸ்வரி கூப்பிட்டுக் காட்டினாள். ஈரக்கரை முழுக்கப் பொடுதலைப் பூண்டு பாய் விரித்ததுபோல் படர்ந்து, மூக்குத்தி அளவில் வெள்ளையும் ஊதாவுமாய்ப் பூத்திருந்தது. மேலே வண்ணத்துப்பூச்சிகள். தேனீக்கள் அதை விட்டுப் பூசணிப் பூவுக்குள் புகுந்து, உடம்பெல்லாம் மஞ்சளாய் வெளியே வந்தன.

"இஞ்சாருங்கோ, பூச்சி புழங்கிற இடத்திலைதான் காய்க்குது. எங்கடை வளவுக்கு அதுகள் வந்து என்னத்தைத் தின்னிறது? நீங்கள்தான் ஒண்டையும் விடுறேல்லையே."

அதன்பிறகு ஏரம்பருடைய மண்வெட்டி கரைப்பக்கம் போகவில்லை.

வயலில் சிறுபோக நெல்லுக்குக் குளத்துத் தண்ணீர் திறக்குமுன் வாய்க்கால் துப்புரவு வந்தது. அவரவர் காணியோரம் அவரவர் பங்கு. தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை ஐயாத்துரை வந்து பார்த்தார்.

"என்ன ஏரம்பர், தலைக்கு எண்ணெய் காய்ச்சவோ உந்தப் பூண்டை வளர்க்கிறியள்?"

"அண்ணைக்குத் தலையிலை மயிரே இல்லையே, விதானையார்!" என்றான் வீரகத்தி.

"பகிடியை விடு. நாளைக்கு இந்தக் கரை துப்புரவாய் இருக்க வேணும். இல்லாட்டி வயலுக்குத் தண்ணி இல்லை."

"ஓம், துப்புரவாய் இருக்கும்" என்றார் ஏரம்பர்.

மறுநாள் விடிய, ஏரம்பர் பொடுதலையை மண்ணோடு பாளம் பாளமாக வெட்டிக் ஓலைக் கடகத்தில் சுமந்தார். குளிக்கிற தண்ணீர் ஓடும் கிணற்றடியை ஒட்டி, தான் அடித்து இறுக்கி வைத்திருந்த முற்றத்தைப் பாதிவரை கொத்திப் பதித்தார். விளக்குமாற்றோடு வந்த இராசேஸ்வரி திகைத்து நின்றாள்.

"இனி நான் எங்கை கூட்டுறது?"

"அந்தப் பக்கம் கூட்டாதையும்."

வயலுக்குத் தண்ணீர் வந்தது. பொடுதலையில் பாதி வாடிச் செத்தது. மிச்சம் கணுக்கணுவாய் வேர்விட்டுப் படர்ந்து பூத்தது. தேனீ வந்தது. பூசணியில் சில பிஞ்சு அழுகினாலும் பல நின்று பருத்தன. ஊருக்குத் திரும்பும் கதையை இராசேஸ்வரி பிறகு எடுக்கவில்லை.

பூசணிக்காய் ஒன்று கேட்டு வந்த வீரகத்தி, கிணற்றடியில் குந்தியிருந்த ஏரம்பரைக் கண்டான். மண்வெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, பொடுதலைக்குள் முளைத்த புல்லை விரலால் ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணை, களைக்கே களை பிடுங்கிறியளோ?"

"பின்னை? விட்டா இது நசிஞ்சு போமெல்லே. நீ அங்காலை தள்ளி நில், பூச்சி எழும்புது."