என் மகளுக்கு மட்டும் ஓர் அடி கூடுதல்

என் மகள் அடித்த பந்துகளை நான்தான் அளந்தேன். கோல்ஃப் பந்துகள். குழியிலிருந்து பந்து நின்ற இடம் வரைக்கும் டேப்பைப் பிடித்து, எத்தனை அடி என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்குக்கூட அது ஒன்றும் கஷ்டமான கணக்கு இல்லை. அதைத்தான் நான் கெடுத்தேன்.

நான் பயந்த சுபாவம். பஸ் ஏறிக் காளவாசல் வரைக்கும் வந்த பிறகு, கேஸை மூடினேனா என்று இறங்கித் திரும்ப ஓடியிருக்கிறேன். மூடித்தான் இருக்கும். மறுபடி பஸ் பிடித்தால், இப்போது கதவைப் பூட்டினேனா என்று ஆரம்பிக்கும். என்னைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னார்கள் என்று தெரிந்தால் மூன்று நாளைக்குச் சோறு இறங்காது. சொன்னவருக்கு மறுநாளே மறந்திருக்கும். எனக்கு மறக்காது.

கல்யாணத்துக்கு முன்னால் கோரிப்பாளையத்தில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைக்கார பாய் முதல் நாளே சொன்னார்: "வாங்குறவங்க பக்கம் அரை இஞ்சு விட்டுப் பிடிம்மா. நமக்குப் போனாப் போகுது, சண்ட வராது." அந்த அரை இஞ்சு எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. நம் பக்கம் கொஞ்சம் இழந்துவிட்டால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். உலகத்தில் எனக்குத் தெரிந்த ஒரே தைரியம் அதுதான்.

பிறகு கோச்சடையைத் தாண்டி மேற்கே, வாழை போட்டிருந்த நிலத்தைச் சமன்படுத்திப் புல் வளர்த்த ஒரு கோல்ஃப் பயிற்சி மைதானத்தில் களை பிடுங்குகிற வேலைக்குப் போனேன். கணவர் லாரியில் போகிறவர், மாதத்தில் நாலைந்து நாள்தான் வீட்டில் இருப்பார். மகளைத் தனியாக விடப் பயந்து, பள்ளிக்கூடம் விட்டதும் நேராக மைதானத்துக்கு வரச் சொல்லிவிடுவேன். காத்திருந்த நேரத்தில் யாரோ கழித்துப்போட்ட மட்டையை எடுத்து அவள் பந்தைத் தட்ட ஆரம்பித்தாள். பயிற்சியாளர் பார்த்தார். இரண்டு வருடத்தில், காரில் வந்து இறங்குகிற பிள்ளைகளோடு வரிசையில் நின்று அடித்தாள்.

தூரத்து அடியில் அவள் பெரிய ஆள் இல்லை. முப்பது கெஜத்திலிருந்து குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போடுவதில்தான் அவளை மிஞ்ச ஆள் இல்லை. பந்து மெதுவாக எழும்பும், விழும், இரண்டு தடவை குதிக்கும், நின்றுவிடும். எனக்கு விளையாட்டு தெரியாது. ஆனால் அந்தப் பந்து நிற்கிற விதத்தைப் பார்க்கும்போது மட்டும் எனக்கு ஒரு நிமிஷம் பயமே இருக்காது.

பயிற்சியாளர் நம்பர் பிடித்த மனிதர். நீண்ட அடிகளுக்கு ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தார். பின்னால் வைத்துவிட்டால் பந்தின் வேகம், உயரம், தூரம் எல்லாம் டேப்லெட்டில் வந்து விழும். பக்கத்து அடிகளில் பந்து உருண்டு எங்கே நிற்கிறது என்பதை அந்தப் பெட்டி சரியாகச் சொல்லாது. அதற்குத்தான் டேப்பும் நானும். ஒவ்வொரு பிள்ளையும் பத்து, இருபது, முப்பது கெஜத்தில் ஆறாறு பந்து அடிக்க வேண்டும். குழிக்கு எவ்வளவு பக்கம் என்பதைக் கூட்டி, யாருக்கு எதில் குறை என்று கண்டுபிடிப்பார். குறை இருக்கிற கட்டத்துக்குச் சிவப்பு பூசி, கொட்டகைச் சுவரில் ஒட்டிவிடுவார்.

"அழகா அடிச்சாளா, அசிங்கமா அடிச்சாளான்னு எனக்கு வேணாம்க்கா. எத்தன அடி? அத மட்டும் சொல்லுங்க" என்பார். "ஒங்களுக்குத்தான் துணி அளந்த கை இருக்கே."

அந்த வருடம் ஓர் இடம் வந்தது. கோயம்புத்தூரில் ஒரு வருடம் தங்கிப் பயிற்சி. படிப்பும் சாப்பாடும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். எங்கள் மைதானத்திலிருந்து ஒரு பெண் பிள்ளையை அனுப்பலாம். மாதம் ஒன்றாக மூன்று சோதனை, மூன்றையும் சேர்த்து யார் முதலோ அவள். போட்டி இரண்டு பேருக்குள்தான் என்று எல்லாருக்கும் தெரியும். ஒன்று என் மகள். இன்னொன்று கே.கே. நகரில் கிளினிக் வைத்திருக்கிற ஒரு டாக்டரின் மகள். என் மகள் காலண்டரில் அந்த மூன்று நாளையும் சுழித்து வைத்தாள். "அங்க மழைனாலும் உள்ளுக்குள்ளயே அடிக்கலாமாம்மா" என்று தினமும் ஒரு தடவை சொல்லுவாள்.

முதல் சோதனை. டாக்டரின் மனைவி குடையடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் சொல்லுகிற நம்பரைத் தாளில் எழுதினார். பயிற்சியாளர் தள்ளி, பெட்டியோடு நின்றார். என் மகளின் முதல் பந்து முப்பது கெஜத்திலிருந்து வந்து குழிக்குப் பக்கத்தில் நின்றது. அளந்தேன். "ரெண்டடி" என்றேன்.

"என்னக்கா, ஒங்க மக பந்துக்கு மட்டும் டேப்பு சுருங்கிருதா?" என்றார் அந்த அம்மா.

பெற்றோர் எல்லாரும் சிரித்தார்கள். பயிற்சியாளரும் சிரித்தார். "அக்கா, கைய இழுத்துப் பிடிங்க, இல்லாட்டி மேட்ச் பிக்ஸிங்னு சொல்லிருவாங்க" என்றார். விளையாட்டுக்குத்தான். இன்று யோசித்தால் அதில் பாதிக்கு மேல் விளையாட்டுதான் என்று தெரிகிறது. அன்று எனக்குக் காது அடைத்துப்போனது.

இரண்டாவது பந்துக்கு, குழியில் பந்தைப் பார்த்த விளிம்பில் வைக்க வேண்டிய டேப் முனையை எதிர் விளிம்பில் வைத்தேன். பந்தின் அந்தப் பக்கத்து ஓரத்தைப் பார்த்துப் படித்தேன். மூன்றே முக்கால் வந்தது. "நாலடி" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவதற்கு ஓர் அடி சும்மாவே சேர்த்தேன். மற்ற பிள்ளைகளின் பந்துகளுக்கு, முக்காலை எல்லாம் விட்டுவிட்டு முழு அடியை மட்டும் சொன்னேன். அந்த அம்மா தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு மூச்சு சீரானது.

என் மகள் அடித்த இடத்திலேயே நின்று என்னைப் பார்த்தாள். முப்பது கெஜம் தள்ளி நின்றாலும் அவளுக்குக் கண் அளவு உண்டு.

பஸ்ஸில் கேட்டாள். "ஏம்மா கூட்டிச் சொன்ன?"

"எங்க கூட்டுனேன்?"

"மூணாவது பந்து மூணடிதான். நீ நாலுன்னு சொன்ன."

"இருக்கிறதச் சொன்னேன். பேசாம வா."

"நாலு இல்லம்மா."

"நீ ஒழுங்கா அடிச்சா ஓரடி கூடுனா என்ன, கொறைஞ்சா என்ன? குழிக்குள்ள போடு. அப்ப எவளும் கூட்ட முடியாதுல்ல?"

நான் சொன்னது அதுதான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு எப்போதும் அதைக் கேட்கவில்லை.

முதல் சோதனையின் தாள் சுவரில் ஏறியது. என் மகள் பெயருக்கு நேரே முப்பது கெஜக் கட்டம் சிவப்பாக இருந்தது. பயிற்சியாளருக்கே புரியவில்லை. தினமும் அவள் அடிப்பதைப் பார்க்கிறவர்தானே. ஒருநாள் முழுக்க டேப்லெட்டைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் வந்தார்.

"கண்டுபிடிச்சுட்டேன்க்கா. பிராக்டிஸ்ல நல்லாத்தான் அடிக்கிறா. டெஸ்ட்டுன்னு வந்தா நடுங்குறா. நம்பர்ல அப்படியே தெரியுது பாருங்க. ஒங்கள மாதிரிதான், பயந்தாங்கொள்ளி."

நான் தலையை ஆட்டினேன். அப்போது வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் சொன்னால், அளக்கத் தெரியாதவள் என்று ஆகும். வேண்டுமென்றே செய்தேன் என்றால், பைத்தியம் என்று ஆகும். வேலை போனால் அவள் எங்கே விளையாடுவாள் என்று வேறு எனக்கு நானே ஒரு நியாயம் செய்துகொண்டேன்.

"பயத்த எடுக்கணும்" என்றார்.

எடுத்த விதம் இதுதான். தினமும் சாயங்காலம் அவளை முப்பது கெஜத்தில் நிறுத்தி, மற்ற பிள்ளைகளைச் சுற்றி வட்டமாக நிற்கவைத்தார். அவள் மட்டையை ஓங்கும்போது அவர்கள் கத்த வேண்டும். கை தட்டலாம், கேலி செய்யலாம். பந்து ஆறடிக்கு வெளியே போனால் மைதானத்தை ஒரு சுற்று ஓட வேண்டும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

"ஏய், நடுங்குறா பாருடா!"

"செவப்பு! செவப்பு! செவப்பு!"

"களை பிடுங்கப் போ, அதுதான் சரியா வரும்!"

கடைசியாகச் சொன்னவனை யாரும் அதட்டவில்லை. கத்தச் சொன்னதே அவர்தானே. நான் அந்தப் பக்கத்தில் குனிந்து களைதான் பிடுங்கிக்கொண்டிருந்தேன். முதல் வாரம் அவள் அசையவே இல்லை. பந்து எப்போதும் போல் எழும்பி, விழுந்து, நின்றது. பயிற்சியாளர் திருப்திப்பட்டார். மருந்து வேலை செய்கிறது என்றார்.

இரண்டாவது சோதனை வந்தது. அவள் நன்றாக அடித்தாள். நான் முன்பைவிட அதிகமாகக் கூட்டினேன். அந்த அம்மா இந்தத் தடவை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. சொல்லிவிடுவார்களோ என்பதற்காகவே கூட்டினேன். கட்டம் இன்னும் அடர்த்தியான சிவப்பானது. பயிற்சியாளர் சோதனையில் கிடைத்த நம்பரை நம்பினார், கண்ணால் பார்த்ததை நம்பவில்லை. வட்டத்தை நெருக்கினார். சத்தத்தைக் கூட்டச் சொன்னார். ஒரு சுற்று ஓட்டம் இரண்டு சுற்று ஆனது.

அதற்குப் பிறகு ஏதோ ஒரு நாள் அவள் கை இறுகியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மட்டையைக் கீழே கொண்டுவரும்போது தோள் ஒரு நொடி நின்றது. பந்தின் தலையில் அடித்தாள். அது தரையோடு சீறிக்கொண்டு வட்டத்தைத் தாண்டி ஓடியது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்ததில் மண்ணைக் கொத்தினாள். இல்லாத பயத்தைத் துரத்தப் போய் இருக்கிற பயத்தைக் கொண்டுவந்து அவள் கையில் ஏற்றிவிட்டார்கள். ஏற்றிக் கொடுத்தது என் டேப்.

மூன்றாவது சோதனையில் நான் எதையும் கூட்டவில்லை. கூட்ட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பதினாலு, பதினொன்று, இருபது. டேப்பை நீட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தது. இரண்டு பந்து புல்லை விட்டே வெளியே போனது. நேர்மையாக அளந்தேன்.

டாக்டர் மகளுக்கு இடம் கிடைத்தது. வாட்ஸ்அப் குரூப்பில் பட்டியல் வந்த அன்று சாயங்காலம் அந்த அம்மா இனிப்பு டப்பாவோடு மைதானத்துக்கு வந்தார். எனக்கு இரண்டு எடுத்துக் கொடுத்தார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அன்னைக்கு வெளையாட்டுக்கு ஒரு வார்த்த சொல்லிட்டேன். ஆனா ஒண்ணு, ஒங்களப் போல மனுஷி பாத்ததில்ல. சொந்த மகள்னு பாக்காம அளந்தீங்க. எழுதுன எனக்குத் தெரியும்."

அந்த ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து எழுதினால் இதை எழுதுவதே வீண். மூன்று மாதமாக நெஞ்சில் அடைத்திருந்தது இறங்கியது போல் இருந்தது. நான் சிரித்தேன். இனிப்பை வாயில் போட்டுக்கொண்டு திரும்பினால், மகள் தோளில் பையோடு நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் பயிற்சியாளரிடம் போய்ச் சொன்னேன். எந்தெந்தப் பந்துக்கு எவ்வளவு என்று கேட்டார். எனக்குச் சரியாக நினைவில்லை. அரை அடி, ஓர் அடி, சிலதுக்கு இரண்டு. அவர் டேப்லெட்டைத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஓர் அடி கழித்துப் பார்த்தார். சிவப்பு போய்விட்டது. முதல் இரண்டு சோதனையிலும் என் மகள்தான் முன்னால் நின்றாள். சேமிக்காமல் மூடிவிட்டார்.

"அப்ப இல்லாத நோய்க்கா நான் வைத்தியம் பாத்தேன்?" என்றார். பிறகு, "வெளிய யாருட்டயும் சொல்லிராதீங்க. மத்த பிள்ளைங்க நம்பரும் சந்தேகமாயிரும். லிஸ்ட்டு போயிருச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

வட்டத்தை அன்றோடு நிறுத்திவிட்டார். அவள் கை திரும்பவில்லை. வீட்டில் மகளிடமும் சொன்னேன். அழுதுகொண்டுதான் சொன்னேன். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "தெரியும்" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினாள்.

அடுத்த மாதம் வழக்கமான சோதனை. அவள் முறை வந்தது. நான் டேப்போடு குழிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் மட்டையைக் கீழே வைத்தாள்.

"சார், என் பந்த எங்கம்மா அளக்கக் கூடாது."

எல்லாரும் திரும்பினார்கள். "வேற யாரு அளக்கிறது?" என்றார் பயிற்சியாளர்.

"யாரு வேணாலும் அளக்கட்டும். எங்கம்மா வேணாம்."

புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளையின் அப்பா எழுந்து வந்து கையை நீட்டினார். டேப்பைக் கொடுத்துவிட்டுக் கொட்டகை ஓரமாகப் போய் நின்றேன். அவள் அடித்தாள். அவர் குனிந்து அளந்தார். "பன்னெண்டு" என்றார். அடுத்தது, "பதினாறு." இங்கிருந்தே எனக்குத் தெரிந்தது, அவர் சரியாகத்தான் அளந்தார்.