வெள்ளிக்கிழமை விளக்கு

எண்பதுகளின் நடுவில் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் லேபில் எனக்கு வேலை. ஷூவுக்குப் போகும் தோலில் ஒரு கெட்டியான பூச்சைத் தடவி, ஊதா விளக்கின் அடியில் பெல்ட்டில் அனுப்புவார்கள். வெளிச்சம் பட்டதும் பூச்சு இறுகிப் பளபளக்கும். அந்தப் பளபளப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. உள்ளே சரியாக இறுகாமல் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி மிஞ்சியிருந்தால், மடங்குகிற இடத்தில் வெடித்துவிடும்.

அதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். தோலோடு ஒரு கண்ணாடித் துண்டிலும் அதே பூச்சைத் தடவி அனுப்பச் சொல்வேன். பிறகு பூச்சைப் பிளேடால் உரித்து எடை போட்டு, அசிட்டோனில் ஊறவைத்து, மறுபடி எடை போடுவேன். இடைவெளி இருக்கிற பூச்சு ஜாஸ்தி குடிக்கும், இறுகியது கம்மியாகக் குடிக்கும். அவ்வளவுதான் வித்தை.

விளக்கையும் பெல்ட்டையும் ஓட்டியவன் என் தோஸ்த். வீட்டில் மூன்று பெண் குழந்தைகள். அவன் ஒருவன் சம்பளம்தான் சோறு. வெள்ளிக்கிழமை பகலில் விளக்கை அணைத்துவிட்டுத் தொழுகைக்குப் போவான். தகரப் பெட்டிக்குள் இருக்கும் அந்த விளக்கு போட்டவுடன் முழுசாக எரியாது, கால் மணி நேரம் சூடேற வேண்டும். அதனால் அவன் திரும்புவதற்கு முன்பே, ஒன்றரைக்கு, நான் போட்டுவைப்பது வழக்கம். அதற்காக வாராவாரம் அவன் வீட்டிலிருந்து எனக்கு ஒரு டப்பா பிரியாணி வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை பிரியாணியைத் தின்றுவிட்டு மேஜையில் தலை சாய்த்தேன். தூங்கித் தொலைத்தேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டுத்தான் ஓடிப்போய் சுவிட்சைத் தட்டினேன்.

"லேம்ப் போட்டாச்சாப்பா?"

"அப்பவே போட்டாச்சு, நீ ஓட்டு."

நம்பி ஓட்டினான்.

மறுநாள் எடை போட்டபோது அந்த மத்தியானத்துப் பூச்சு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு குடித்திருந்தது. தோலை ஏற்றிய லாரி இன்னும் கேட்டில்தான் நின்றுகொண்டிருந்தது. சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் தூங்கியதும் வெளியே வரும். காலையில் எடுத்த துண்டின் அளவையே மத்தியானத்துக்கும் ரெஜிஸ்டரில் எழுதிவைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஷூக்கள் திரும்பி வந்தன. எல்லாம் விரல் மடங்குகிற இடத்தில் வெடிப்பு. மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு ரெஜிஸ்டரில் அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தைத் திறந்தார்.

"லேப் ரிப்போர்ட் சரியா இருக்கு. கண்ணாடித் துண்ட மட்டும் மெதுவா உட்டுட்டு, தோல வேகமா ஓட்டிருக்கே. வீட்டுக்குப் போற அவசரம், இன்னா?"

"இல்ல சார். இவனையே கேளுங்க, பக்கத்து லேபுலதான் இருந்தான்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? "நான் உள்ள இருந்தேன் சார், பெல்ட்ட பாக்கல" என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. த்தூ, என்ன பிழைப்பு!

அன்றைக்கே அவனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கேட் வரைக்கும் பின்னாலேயே போனேன். சைக்கிளைப் பிடித்தபடி கேட்டான்.

"அன்னிக்கு லேம்ப ஒண்ணரைக்குத்தானே போட்டே?"

"ஆமா."

சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டான்.

"அப்ப நான்தான் வேகமா உட்டிருப்பேன் போல. உன் பேர வேற இழுத்துட்டேன். மனசுல வெச்சுக்காதப்பா" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போனான்.