அடுப்பின் முன் ஒரு குடுவை

கேரள எல்லையிலிருந்து போடிக்கு இறங்கிய ஜீப்பை மண்சரிவு மறித்தது. என் மடியில் எண்ணெய் வாடை வீசும் ஒரு குடுவை இருந்தது. கச்சா எண்ணெயின் கந்தகச் சேர்மங்களைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அதில் வளர்ந்துகொண்டிருந்தன. அவை கடும் வெப்பத்திலேயே செழிப்பவை. குளிர்ந்தால் என் ஆய்வு பாழாகிவிடும். அதற்கெனக் கொண்டுவந்த சூடேற்றும் பெட்டியின் மின்கலமோ தீர்ந்துபோயிருந்தது.

சாலையோரத்தில் ஏலக்காய் உலர்த்தும் கூடத்தைக் கண்டு, அந்த வெப்பத்தை நாடிச் சென்றேன். காய் கிளறிக்கொண்டிருந்த பெண்மணி வாசலிலேயே மறித்தார்.

“உள்ள கொண்டாராதீக சார்! எண்ணெ வாடையக் காய் இழுத்துக்கிரும். அம்புட்டும் வீணாப் போகும்.”

“வெளிய வச்சா இது ஆறிப்போகுமேம்மா.”

“அப்ப பின்னால அடுப்பு முன்ன உக்காருங்க. கைப்பிள்ளைக்காரி கணக்காக் காத்துக்கெடங்க,” என்று சிரித்தார்.

கூடத்துக்கு வெளியே எரிந்த விறகடுப்பின் முன் அமர்ந்தேன். நெருங்கினால் குடுவையில் செருகியிருந்த வெப்பமானி எல்லை மீறியது; விலகினால் மலைப்பனி சூட்டை உறிஞ்சியது. அந்த ஒரு முழ இடத்தை விட்டு என்னால் அசைய இயலவில்லை.

மாலையில் பாதை திறந்தது. ஓட்டுநர் கூவினார்: “வெரசா வாங்க சார்! மறுபடி சரிஞ்சா இங்ஙனதான் கெடக்கணும்!”

ஜீப்பில் அடுப்பில்லை.

“நீங்க போங்கண்ணே,” என்றேன். வண்டி வளைவில் மறைந்ததும் மற்றொரு விறகை உள்ளே தள்ளினேன்.